ஆள் சேர்ந்தால்தான் வேலை

1995 ஜனவரி 25, நிலா இல்லாத இரவு. சோமாலியக் கரைக்குக் கிழக்கே இந்தியப் பெருங்கடலில் போய்க்கொண்டிருந்த 'லீமா' என்ற பிரிட்டிஷ் சரக்குக் கப்பலின் மாலுமிகளுக்கு அடிவானத்தில் வெள்ளையாக ஏதோ தெரிந்தது. கொஞ்ச நேரத்தில் கப்பல் அந்த வெண்மைக்குள்ளேயே நுழைந்துவிட்டது. கண்ணுக்கெட்டிய தூரம்வரை கடல் ஒளிர்ந்தது. அலை உடைகிற இடம், அமைதியான இடம் என்ற வேறுபாடே இல்லாமல் எங்கும் ஒரே சீரான ஒளி. அதைக் கடந்து மறுபக்கம் வர ஏறக்குறைய ஆறு மணி நேரம் ஆனது. கப்பலின் பதிவேட்டில் இடம், நேரம் எல்லாவற்றையும் குறித்து வைத்தார்கள்.

'பால் கடல்' பார்த்ததாக மாலுமிகள் நூற்றாண்டுக் கணக்கில் சொல்லி வந்திருக்கிறார்கள். கரையில் இருந்தவர்கள் அதைக் கேட்டுத் தலையாட்டினார்களே தவிர, முழுதாக நம்பியதில்லை. அமெரிக்கக் கடற்படை ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்த ஸ்டீவன் மில்லருக்கு, பழைய வானிலைச் செயற்கைக்கோள் படங்களில் இதைத் தேடிப் பார்க்கலாமே என்று தோன்றியது. லீமா சொன்ன அதே இடத்தில், அதே இரவில், ஒரு வெளிர்த் திட்டு படத்தில் இருந்தது. பரப்பு சுமார் 15,400 சதுர கிலோமீட்டர். அடுத்தடுத்து மூன்று இரவுகளிலும் அது தெரிந்தது. 2005இல் இந்த ஆய்வு வெளியானது. 2019இல் ஜாவாவுக்குத் தெற்கே தோன்றிய பால் கடல் இதையும் தூக்கிச் சாப்பிட்டுவிட்டது. அதன் பரப்பு ஒரு லட்சம் சதுர கிலோமீட்டருக்கும் மேல். நம் தமிழ்நாட்டின் பரப்பே 1,30,000தான்.

2019 ஆகஸ்டில் சென்னைக் கடற்கரையில் அலைகள் நீலமாக மின்னியதும், ஊரே கைபேசியோடு திருவான்மியூருக்குத் திரண்டதும் நினைவிருக்கும். அது வேறு சங்கதி. அங்கே மின்னியது நாக்டிலூகா என்ற ஒருசெல் உயிரி. அலை அடித்தால், கால் பட்டால், ஒரு கணம் மின்னி அணைந்துவிடும். பால் கடல் மின்னுவதில்லை. தொட்டாலும் தொடாவிட்டாலும் இரவெல்லாம் ஒளிர்ந்துகொண்டே இருக்கும். அப்படி விடாமல் ஒளிர்பவை பாக்டீரியாக்கள். 1985இல் அமெரிக்க ஆய்வுக் கப்பல் ஒன்று சொகோத்ரா தீவருகே பால் கடலுக்குள் தற்செயலாகச் சிக்கியது. நீரை மொண்டு பார்த்தபோது பாசித் துணுக்குகளில் ஒட்டிக்கொண்டிருந்த வைப்ரியோ ஹார்வி என்ற பாக்டீரியா கிடைத்தது.

ஒரு பாக்டீரியாவின் நீளம் ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒன்றிரண்டு பங்கு. அது தனியாக ஒளிர்ந்தால் மீனுக்குத் தெரியாது, நமக்கும் தெரியாது. ஆனால் செலவு மட்டும் நிச்சயம். ஒளியை உண்டாக்க ஆக்சிஜன் வேண்டும், ஆற்றல் வேண்டும். ஒருவர் செய்தால் வீண், ஆயிரம் கோடிப் பேர் செய்தால் பலன் என்கிற வகையான வேலை இது. அப்படியானால் தன்னைச் சுற்றி எத்தனை பேர் இருக்கிறார்கள் என்பது அந்த ஒற்றைச் செல்லுக்கு எப்படித் தெரிகிறது? அதற்குக் கண் இல்லை, காது இல்லை, நரம்பும் இல்லை.

விடை ஒரு கண்ணாடிக் குடுவையில் கிடைத்தது. 1960களின் இறுதியில் ஹார்வர்டில், உட்லண்ட் ஹேஸ்டிங்ஸின் ஆய்வுக்கூடத்தில் கென்னத் நீல்சன் ஒளிரும் பாக்டீரியாக்களை வளர்த்துக்கொண்டிருந்தார். சத்து நீரில் சில பாக்டீரியாக்களை விட்டால் அவை இரண்டாகி, நான்காகி, முதல் மணி நேரத்திலிருந்தே பெருகும். எண்ணிக்கை ஏறினால் ஒளியும் கூடவே ஏற வேண்டும் அல்லவா? ஏறவில்லை. பல மணி நேரம் குடுவை இருட்டாகவே கிடந்தது. கூட்டம் ஓர் அளவைத் தாண்டிய பிறகு ஒளி திடீரென்று செங்குத்தாக ஏறியது. பிறகு வேறொரு சோதனை: அடர்ந்து வளர்ந்த குடுவையின் பாக்டீரியாக்களையெல்லாம் நீக்கிவிட்டு, எஞ்சிய நீரில் புதிதாகச் சில பாக்டீரியாக்களை விட்டால், அவை எண்ணிக்கையில் குறைவாக இருந்தபோதே ஒளிர ஆரம்பித்தன. அந்த நீரில் ஏதோ இருந்திருக்கிறது. முன்பு அங்கே வாழ்ந்த கூட்டம் விட்டுச்சென்ற ஏதோ ஒன்று. 1970இல் இதை வெளியிட்டார்கள். அந்த ஏதோ ஒன்றின் வேதி அமைப்பு 1981இல் தெரிந்தது. ஹோமோசெரின் லாக்டோன் குடும்பத்தைச் சேர்ந்த சின்னஞ்சிறு மூலக்கூறு அது.

ஏற்பாடு அசந்துபோகும் அளவுக்கு எளிமையானது. ஒவ்வொரு செல்லும் அந்த மூலக்கூறைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தயாரித்து வெளியே கசிய விடுகிறது. தனியாக இருந்தால் அது கடலோடு கரைந்து போய்விடும். பக்கத்தில் நிறையப் பேர் இருந்து, எல்லாரும் கசிய விட்டால், சுற்றுப்புறத்தில் அதன் செறிவு ஏறும். ஏறினால் செல்லுக்குள்ளும் ஏறும். உள்ளே லக்ஸ்-ஆர் என்ற புரதம் காத்திருக்கிறது. மூலக்கூறு வந்து அதில் பொருந்தியதும், ஒளிக்கான மரபணுக்களை அது முடுக்கிவிடுகிறது. அந்த மரபணுக்களின் வரிசையிலேயே மூலக்கூறைத் தயாரிக்கும் நொதியின் மரபணுவும் இருக்கிறது என்பதுதான் இதன் சூட்சுமம். அதாவது, பதில் சொல்லத் தொடங்கிய செல் முன்னைவிட உரக்கக் கூவவும் தொடங்குகிறது. குடுவையில் ஒளி செங்குத்தாக ஏறியதற்குக் காரணம் இதுதான். ஊராட்சிக் கூட்டமானாலும் கூட்டுறவுச் சங்கக் கூட்டமானாலும் கோரம் சேராவிட்டால் தீர்மானம் செல்லாது. இங்கும் அதே விதி. 1994இல் இதற்கு 'கோரம் சென்ஸிங்' என்று பெயர் வைத்தார்கள். பெயர் ஒட்டிக்கொண்டது.

குடுவையைவிடச் சுவையான காட்சி ஹவாய் தீவுகளின் ஆழமில்லாத கடலில் நடக்கிறது. அங்கே வாழும் ஒரு வகைக் குட்டிக் கணவாய், வளர்ந்த பிறகும் கட்டை விரல் அளவுதான். பகலில் மணலுக்குள் புதைந்து கிடக்கும். இரவில் இரை தேட வெளியே வரும். நிலா வெளிச்சத்தில் நீந்தினால் அதன் நிழலுரு கீழே இருக்கும் மீனுக்குக் காட்டிக் கொடுத்துவிடும். அதனால் வயிற்றுப் பக்கம் ஓர் ஒளி உறுப்பு வைத்திருக்கிறது. மேலிருந்து எவ்வளவு வெளிச்சம் வருகிறதோ அவ்வளவு வெளிச்சத்தைக் கீழே விட்டு, தன் நிழலுருவை அழித்துக்கொள்கிறது. அந்த ஒளி கணவாயுடையது அல்ல; உறுப்புக்குள் குடியிருக்கும் வைப்ரியோ ஃபிஷரி என்ற பாக்டீரியாவினுடையது.

முட்டையிலிருந்து வெளிவரும் கணவாய்க் குஞ்சிடம் ஒரு பாக்டீரியாகூட இருப்பதில்லை. கடல் நீரிலிருந்துதான் பிடிக்க வேண்டும். சுற்றியுள்ள நீரில் இருக்கும் பாக்டீரியாக்களில் வைப்ரியோ ஃபிஷரி ஆயிரத்தில் ஒன்றோ அதற்கும் குறைவோ. ஆனாலும் சில மணி நேரத்தில் சரியான ஆளைத்தான் உள்ளே அனுமதிக்கிறது. ஒளி உறுப்பின் வாசலில் சளியும், அசையும் நுண்மயிர்களும் இருக்கின்றன. பாக்டீரியா அங்கே சிக்கி, சிறு துளைகள் வழியே உள்ளே நீந்தி, குழிகளில் குடியேறுகிறது. குடியேறியதும், வாசலில் நுண்மயிர் தாங்கிய பகுதிகள் இனி வேண்டாம் என்று சில நாட்களில் உதிர்ந்துவிடுகின்றன. உதிரச் சொல்லும் சமிக்ஞை பாக்டீரியாவின் செல்சுவர்த் துணுக்குகளில் அடங்கியிருக்கிறது. மார்கரெட் மெக்ஃபால்-நை, எட்வர்ட் ரூபி இருவரும் பல ஆண்டுகள் இந்த ஒரு கணவாயையே பார்த்துப் பார்த்துக் கண்டறிந்தவை இவை. சொல்லாமல் விட மனம் வராத ஒரு செய்தி: கக்குவான் இருமல் வந்த குழந்தையின் மூச்சுக்குழாயைப் புண்ணாக்குவதும் இதே செல்சுவர்த் துணுக்குதான். ஒரே பொருள் கணவாயிடம் உறுப்பைச் செதுக்குகிறது, நம்மிடம் உறுப்பைக் கெடுக்கிறது.

ஒவ்வொரு விடியலிலும் கணவாய் தன் ஒளி உறுப்பில் இருக்கும் பாக்டீரியாக்களில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கும் மேல் கடலுக்குள் துப்பிவிடுகிறது. எஞ்சியவை பகலில் பெருகுகின்றன. மாலைக்குள் கோரம் சேர்ந்துவிடும். இரவுக்கு விளக்கு தயார். பாக்டீரியாவுக்குச் சோறும் இடமும், கணவாய்க்கு விளக்கு. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் இதை வெறும் நட்பு என்று சொல்லிவிட முடியாது. ஒளிக்கான மரபணுவைக் கெடுத்துவிட்ட பாக்டீரியாக்களை ஆய்வாளர்கள் கணவாய்க்குள் குடியேற்றிப் பார்த்தார்கள். அவை முதலில் குடியேறின. ஆனால் நிலைத்து நிற்க முடியவில்லை. ஒளி தராதவனுக்கு அந்த வீட்டில் இடமில்லை.

வெகுகாலம் இதெல்லாம் கடல் பாக்டீரியாவின் தனி வினோதம் என்றே கருதப்பட்டது. நிமோனியா உண்டாக்கும் நியூமோகாக்கஸும் ஏதோ ஒரு வேதிச் சமிக்ஞையால் கூட்டமாக நடந்துகொள்கிறது என்று அலெக்சாண்டர் டோமாஸ் 1965இலேயே சொல்லியிருந்தார்; அவரையும் பெரிதாகப் பொருட்படுத்தவில்லை. 1990களில் மரபணுக்களைப் படிப்பது எளிதானபோது, லக்ஸ் மரபணுக்களின் உறவினர்கள் தேடிய இடமெல்லாம் கிடைத்தன: மண்ணில், செடியில், மருத்துவமனையில். பிரின்ஸ்டனைச் சேர்ந்த பானி பாஸ்லர் பால் கடலின் அதே வைப்ரியோ ஹார்வியை ஆராய்ந்து, அது ஒரே நேரத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட மூலக்கூறுகளைக் கவனிக்கிறது என்று காட்டினார். ஒன்று தன் இனத்தாரை எண்ண. இன்னொன்று பல இனங்களும் வெளியிடுவது, சுற்றியுள்ள மொத்தக் கூட்டத்தை எண்ண. 2002இல் அந்த இரண்டாவது மூலக்கூறின் வடிவம் தெரியவந்தபோது அதில் ஒரு போரான் அணு இருந்தது. உயிர்களின் வேதியியலில் போரானைக் காண்பது அபூர்வம்.

நோய் உண்டாக்கும் பாக்டீரியாவுக்கு இந்த எண்ணிக்கை உயிர்நாடி. சூடோமோனாஸ் ஏருஜினோசா தீக்காயத்திலும் நுரையீரலிலும் புகுந்து தொல்லை கொடுப்பது. பத்துப் பேர் உள்ளே நுழைந்ததுமே நஞ்சைக் கக்கினால் உடலின் காவல்படை விழித்துக்கொண்டு துடைத்தெறிந்துவிடும். அதனால் அவை சத்தமில்லாமல் பெருகுகின்றன. கூட்டம் சேர்ந்த பிறகு நூற்றுக்கணக்கான மரபணுக்களை ஒரே மூச்சில் முடுக்கிவிட்டு, திசுவைக் கரைக்கும் நொதிகளையும் நஞ்சுகளையும் வெளியேற்றுகின்றன. காலரா பாக்டீரியாவின் கணக்கு இதற்கு நேர்மாறானது. குடலில் ஆள் குறைவாக இருக்கும்போது அது ஒட்டிக்கொண்டு நஞ்சை உண்டாக்கும். கூட்டம் பெருத்ததும் நஞ்சை நிறுத்திவிட்டு, பிடியைத் தளர்த்தி, வயிற்றுப்போக்கோடு வெளியேறும் வழியைப் பார்க்கும். அடுத்த ஆளைத் தேடிப் போக வேண்டுமே.

இங்கே ஒரு கேள்வி வரவேண்டும், வந்தால்தான் இந்த விஷயத்தின் முழு ஆழமும் புரியும். எல்லாரும் சேர்ந்து செலவழித்துப் பொதுவுக்கு ஒன்றைத் தயாரிக்கிறார்கள் என்றால், செலவழிக்காமல் அனுபவிப்பவன் முளைக்க மாட்டானா? முளைக்கிறான். சூடோமோனாஸ் இரும்புச் சத்துக்காகப் பயோவெர்டின் என்ற பசுமஞ்சள் நிற மூலக்கூறை வெளியே அனுப்புகிறது. அது இரும்பு அணுவைக் கவ்விக்கொள்ள, பக்கத்தில் இருக்கும் எந்தச் செல்லும் அதை உள்ளே இழுத்துக்கொள்ளலாம். பயோவெர்டினைத் தயாரிக்காமல், மற்றவர் தயாரித்ததை மட்டும் இழுத்துக்கொள்ளும் ஓசிக்காரச் செல்கள் திடீர் மாற்றத்தால் தோன்றுகின்றன. உழைப்பவரோடு கலந்து வளர்த்தால், செலவு மிச்சமான ஓசிக்காரர் வேகமாகப் பெருகுகிறார். ஓசிக்காரர்களை மட்டும் தனியாக வளர்த்தால் இரும்பின்றித் தடுமாறுகிறார்கள். இதை 2004இல் ஆஷ்லி கிரிஃபின், ஸ்டூவர்ட் வெஸ்ட், ஆங்கஸ் பக்லிங் மூவரும் சோதனையில் காட்டினார்கள். யார் ஜெயிப்பார் என்பது யாரோடு யார் வாழ்கிறார் என்பதைப் பொறுத்தது. ஒரே செல்லின் வாரிசுகள் ஒன்றாகத் தங்கினால் உழைப்பு நிலைக்கும். கண்டபடி கலந்தால் ஓசி ஓங்கும்.

இதன் உச்சம் மிக்ஸோகாக்கஸ் என்ற மண்வாழ் பாக்டீரியா. இந்தக் குடும்பத்தின் வண்ண வண்ண மொட்டுகளை அழுகிய மரத்திலும் சாணத்திலும் பார்த்தவர்கள் காளான் இனம் என்றே வகைப்படுத்தியிருந்தார்கள். 1892இல் ஹார்வர்டைச் சேர்ந்த ரோலண்ட் தாக்ஸ்டர், அவை பாக்டீரியாக்களின் கூட்டம் என்று எழுதினார். சாப்பாடு இருக்கும்போது மிக்ஸோகாக்கஸ்கள் படையாக ஊர்ந்து, மற்ற பாக்டீரியாக்களைச் சுற்றி வளைத்து, நொதிகளைக் கொட்டிச் செரித்து உண்கின்றன. பஞ்சம் வந்ததும், சுமார் ஒரு லட்சம் செல்கள் ஓரிடத்தை நோக்கி ஊர்ந்து வந்து ஒன்றின் மேல் ஒன்று ஏறி ஒரு மேடு கட்டும். ஊசிமுனை அளவான அந்த மேட்டுக்குள் ஒரு பகுதிச் செல்கள் மட்டும் உருண்டு திரண்டு வித்துகளாகின்றன. வறட்சியையும் வெப்பத்தையும் தாங்கி நல்ல காலத்துக்காகக் காத்திருக்கப் போகிறவை அவை. வந்து சேர்ந்த பெரும்பாலான செல்கள் வெடித்துச் செத்துப்போகின்றன. நல்ல காலம் வந்தால் வித்துகள் எல்லாம் ஒன்றாக முளைக்கும். முதல் நாளே ஒரு படை தயார்.

இதிலும் ஓசிக்காரர் உண்டு. மேடு கட்டத் தெரியாமல், மற்றவர் கட்டிய மேட்டில் தன் பங்குக்கு மேல் வித்துகளாக மாறிவிடும் வகைகளைக் கிரகரி வெலிசரும் சகாக்களும் 2000இல் கண்டார்கள். பிறகு அந்தக் கலவையைப் பல தலைமுறை பஞ்சத்துக்கும் செழிப்புக்கும் மாற்றி மாற்றி வளர்த்தபோது, சில குடுவைகளில் ஓசிக்காரர் ஓங்கி, உழைப்பவர் ஒழிந்து, கடைசியில் மேடு கட்ட ஆளில்லாமல் கூட்டமே அழிந்தது. ஒரு குடுவையில் மட்டும் எதிர்பாராதது நடந்தது. ஓசி வம்சத்திலிருந்தே ஒரே ஒரு மரபணு மாற்றத்தால் மீண்டும் மேடு கட்டத் தெரிந்த வகை எழுந்து, ஓசிக்காரர்களையே வென்றுவிட்டது.

பாக்டீரியாவின் ஒற்றுமையைப் பார்த்து மனிதன் பாடம் கற்க வேண்டும் என்று மேடையில் பேசுகிறவர்களைக் கேட்டால் எனக்குச் சிரிப்பு வரும். அங்கே அன்பும் இல்லை, தியாகமும் இல்லை. செத்துப்போகும் செல்லின் மரபணுவே பக்கத்து வித்திலும் இருக்கிறது என்ற கணக்கு இருக்கிறது. கணவாயைப் போன்ற கறாரான வீட்டுக்காரர் இருக்கிறார். அந்தக் கணக்கு பிசகும் இடத்தில் கூட்டமும் பிசகிவிடுகிறது.

இந்தக் கூட்டு வாழ்க்கையை முதன்முதலில் பார்த்தவர் பாக்டீரியாவையே முதன்முதலில் பார்த்தவர்தான். டெல்ஃப்ட் நகரத் துணி வியாபாரி அந்தோனி வான் லீவன்ஹூக், 1683 செப்டம்பரில் லண்டன் ராயல் சொசைட்டிக்கு எழுதிய கடிதத்தில், தன் பல்லிடுக்கில் சேர்ந்த வெள்ளை மாவு போன்ற அழுக்கைச் சுரண்டி, தானே தேய்த்த கண்ணாடிவில்லை வழியே பார்த்ததை விவரித்தார். துள்ளி நீந்தும் சிற்றுயிர்கள் கூட்டம் கூட்டமாக இருந்தன. பிறகு ஒரு காரியம் செய்தார். காடியால் வாயைக் கொப்பளித்துவிட்டு மறுபடி சுரண்டிப் பார்த்தார். அழுக்கின் மேற்பரப்பில் இருந்தவை மட்டுமே செத்திருந்தன. உள்ளே இருந்தவை உயிரோடு இருந்தன. சுரண்டியெடுத்த அழுக்கைக் கரைத்துக் காடியில் கலந்தபோதோ எல்லாம் செத்தன. காடி உள்ளே ஊடுருவவில்லை என்று சரியாகவே ஊகித்தார்.

பிறகு இருநூறு ஆண்டுகள் கழித்து ராபர்ட் கோக் வந்தார். ஒரு செல்லைப் பிரித்தெடுத்து, கூழ்த் தட்டில் தனி இனமாக வளர்த்து, இன்ன நோய்க்கு இன்ன கிருமி என்று நிரூபிக்கும் முறையை 1880களில் வகுத்தார். காசநோய், காலரா எல்லாம் அப்படித்தான் பிடிபட்டன. அதன் மதிப்பை யாரும் குறைத்துவிட முடியாது. ஆனால் அந்த வெற்றியாலேயே பாக்டீரியா என்றால் தனித்து மிதக்கும் ஒற்றை இனம் என்ற படம் நம் மனதில் உறைந்துவிட்டது. இயற்கையில் அப்படி வாழ்வது அரிது. கனடாவில் பில் காஸ்டர்டனும் சகாக்களும் மலை ஓடைகளைப் பார்த்தபோது, ஓடும் நீரில் மிதப்பவற்றைவிடப் பல மடங்கு பாக்டீரியாக்கள் கல்லின் மேல் வழவழப்பான படலமாக ஒட்டி வாழ்வதைக் கண்டார்கள். 1978இல் அவர்கள் எழுதிய கட்டுரைக்குப் பிறகுதான் உயிர்ப்படலம் என்பது தனித் துறையானது.

மழைக்காலத்தில் வழுக்கும் கிணற்றுப்படி, தண்ணீர்த் தொட்டியின் உள்சுவர், சமையலறைத் தொட்டியின் வடிகுழாய் எல்லாம் உயிர்ப்படலம்தான். ஆனால் மிக நெருக்கத்தில் இருப்பது நம் பல். விளக்கிய சில நிமிடங்களிலேயே உமிழ்நீரின் புரதங்கள் பல்லின் மேல் மெல்லிய பூச்சாகப் படிகின்றன. அந்தப் பூச்சைப் பிடித்துக்கொள்ளத் தெரிந்த ஸ்ட்ரெப்டோகாக்கஸ்கள் முதலில் வந்து ஒட்டுகின்றன. அவை சர்க்கரையைத் தின்று லாக்டிக் அமிலத்தைக் கழிவாக விடும். வெய்லோனெல்லா என்ற பாக்டீரியாவுக்கு அந்த அமிலம்தான் சாப்பாடு, எனவே அது பக்கத்திலேயே வந்து குடியேறும். முன்வந்தவை ஆக்சிஜனைத் தின்று தீர்ப்பதால், ஆக்சிஜன் பட்டால் சாகும் இனங்களுக்கும் உள்ளே இடம் கிடைக்கிறது. நீண்ட நூல் வடிவான ஃபூஸோபாக்டீரியம் முன்வந்தவரையும் பின்வருபவரையும் இரண்டு கையாலும் பிடித்துப் பிணைக்கும். ஈறைக் கெடுக்கும் போர்ஃபிரோமோனாஸ் இந்தப் பிணைப்பைப் பிடித்துக்கொண்டு கடைசியாக வந்து சேரும். எல்லாரும் சேர்ந்து சுரக்கும் சர்க்கரைப் பிசின், புரதம், செத்தவர்களின் டிஎன்ஏ எல்லாம் கலந்த கூழில் ஊர் முழுவதும் பதிந்திருக்கும். கவனிக்காமல் விட்டால் அதில் சுண்ணாம்புச் சத்து இறங்கிக் காரையாக இறுகும். அப்புறம் பல் மருத்துவரின் கருவிதான் கதி.

உயிர்ப்படலத்துக்குள் சேதி அனுப்ப வேதிச் சமிக்ஞை மட்டும்தான் வழி என்று இருந்தோம். 2015இல் சான் டியாகோவில் குரோல் சூயலின் குழு பேசில்லஸ் சப்டிலிஸ் என்ற சாதாரண மண் பாக்டீரியாவின் படலத்தில் மின்சமிக்ஞையைக் கண்டது. படலம் வளர வளர, சத்து முதலில் விளிம்பில் இருப்பவருக்கே கிடைக்கும். நடுவில் இருப்பவர் பட்டினி கிடப்பார். நடுவில் உள்ளவை செத்தால் விளிம்பு அழிந்தபின் படலத்தை மீட்டுக் கட்ட ஆளிருக்காது. பட்டினியில் வாடும் உள்செல்கள் பொட்டாசியம் அயனிகளை வெளிவிடுகின்றன. அது பக்கத்துச் செல்லைத் தூண்ட, அது அடுத்ததைத் தூண்ட, அலையாக விளிம்புவரை போகிறது. விளிம்புச் செல்கள் சற்று நேரம் சாப்பிடுவதை நிறுத்துகின்றன; சத்து உள்ளே போய்ச் சேருகிறது. நம் மூளை நரம்புகள் துடிப்பதும் அயனிகள் செல்லுக்கு உள்ளும் வெளியும் பாய்வதால்தான். இதே குழு 2017இல் இன்னொன்றைக் காட்டியது: பக்கத்துப் பக்கத்தில் உள்ள இரண்டு படலங்கள், சத்து குறைந்தபோது, முறை வைத்து மாறி மாறிச் சாப்பிட்டன.

மருத்துவமனையில் இதன் விலை பெரிது. சிறுநீர்க்குழாய் போட்ட நோயாளிக்குக் காய்ச்சல் வருகிறது. கல்ச்சர் டெஸ்ட் எடுக்கிறார்கள். அறிக்கையில் இன்ன ஆன்டிபயாட்டிக்குக் கிருமி கட்டுப்படும் என்று வருகிறது. மருந்து கொடுத்தால் காய்ச்சல் இறங்குகிறது. மருந்தை நிறுத்தினால் திரும்ப வருகிறது. அறிக்கை பொய்யல்ல; சோதனைச்சாலையில் சோதித்தது கூழ்த் தட்டில் தனித்து வளர்ந்த கிருமியை, உடலுக்குள் இருப்பதோ குழாயின் உட்சுவரில் படலமாக வாழும் கூட்டம். அங்கே மருந்தின் ஆற்றல் நூறு மடங்கு, ஆயிரம் மடங்குகூடக் குறைந்துபோகலாம். பிசின் கூழ் மருந்தைத் தாமதப்படுத்துகிறது. ஒரு செல் சுரக்கும் மருந்துமுறி நொதி அதன் அண்டை வீட்டாரையும் காக்கிறது. ஆழத்தில் பட்டினியோடு உறங்கும் செல்களை, வளரும் செல்லைத் தாக்கும் மருந்து கண்டுகொள்வதே இல்லை. அதனால்தான் பல நேரங்களில் குழாயையே எடுத்துவிட்டு வேறு போடுகிறார்கள். செயற்கை மூட்டில் தொற்று வந்தால் மூட்டையே கழற்ற வேண்டியும் வருகிறது.

கொல்வதற்குப் பதில் பேச்சைக் குழப்பினால் என்ன என்று யோசித்தவர்கள் உண்டு. ஆஸ்திரேலியக் கடலில் டெலிசியா பல்க்ரா என்ற செம்பாசி அதை ஏற்கெனவே செய்துகொண்டிருக்கிறது. பாக்டீரியாவின் சமிக்ஞை மூலக்கூறைப் போலவே தோற்றமளிக்கும் ஃபியூரனோன் பொருள்களை அது தன் மேற்பரப்பில் பூசிக்கொள்கிறது; பாக்டீரியா வந்தாலும் படலம் கட்ட முடிவதில்லை. ஆனால் அந்தப் பொருள்கள் மனித உடலுக்கு ஒத்துக்கொள்ளாத நஞ்சு. இந்த வழியில் வேறு மூலக்கூறுகளைத் தேடுகிறார்கள். மருந்துக் கடைக்கு வர நாளாகும். அதுவரை படலத்துக்கு நல்ல மருந்து தேய்ப்பதும் சுரண்டுவதும்தான். வாய் கொப்பளிக்கும் திரவம் எத்தனை கிருமியைக் கொல்லும் என்று விளம்பரம் சொல்கிறதோ, அது மேலே இருப்பவற்றின் கணக்கு.

கூட்டமாக வாழ்வதால் பாக்டீரியாவுக்கு வரும் நட்டமும் ஒன்று உண்டு. காலராக் கிருமி குளத்திலும் ஆற்றிலும் பெரும்பாலும் தனியாக மிதப்பதில்லை. கோபிபாட் போன்ற நுண்ணிய மிதவை உயிரிகளின் ஓட்டில் கும்பலாக ஒட்டி வாழ்கிறது. ஒரு செல்லாக இருந்தால் எந்தத் துணியும் தடுக்காது, தாங்கிச் செல்லும் உயிரியோடு சேர்த்தால் துணியிலேயே சிக்கிவிடும். ரீட்டா கோல்வெல்லும் வங்கதேச ஆய்வாளர்களும் மட்லாப் பகுதியின் 65 கிராமங்களில், சுமார் 1,33,000 பேரிடையே இதைச் சோதித்தார்கள். குடிநீரைப் பழைய பருத்திப் புடவையை நான்கு மடிப்பாவது மடித்து வடிகட்டிய குடும்பங்களில் காலரா 48 சதவீதம் குறைந்தது என்று 2003இல் வெளியிட்டார்கள். புதுப் புடவையைவிடப் பலமுறை துவைத்த பழசுதான் நன்றாக வடிகட்டியது; துவைக்கத் துவைக்க நூல் பிசிறிக் கண்கள் சிறுத்துவிடுகின்றன. வடிகட்டிய பின் துணியை அலசி வெயிலில் காய வைக்க வேண்டும். அடுப்பு எரிக்க வழியிருப்பவர்கள் தண்ணீரைக் கொதிக்க வைத்தே குடியுங்கள். துணி வடிகட்டல் கொதிநீருக்கு ஈடாகாது. வெள்ளத்தில் அடுப்பும் விறகும் போன வீட்டில், மடித்த பழம்புடவை வெறும் கையைவிட மேல்.